கொழுந்து லொறி ஓட்டியவர்

தொண்ணூறுகளின் கடைசியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உடப்புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் மருத்துவ உதவியாளராக இருந்தேன். அங்கே கொழுந்து லொறி ஓட்டியவர் பருத்த மனிதர். நாற்காலியைக் காட்டினாலும் உட்காரமாட்டார். சாவியை விரலில் சுழற்றியபடியே நிற்பார்.

பிரஷரும் சீனியும் ஏறியிருந்தன. சிறுநீரைச் சோதித்தபோது புரதம் தெரிந்தது.

"கிட்னியில பாதிப்புத் தொடங்கிட்டுது. நான் தந்த பிரஷர் குளிசையை விடாமல் போடுங்கோ," என்றேன்.

"வலி ஒன்னும் இல்லீங்களே ஐயா."

"நோகாது. அதுதான் பயம்."

சாவி சுழல்வது நின்றது. "அந்தக் குளிச போட்டா தலை சுத்துதுங்க. அந்தியில கொழுந்தோட பொம்பளைங்களும் ஏறிக்குவாங்க. வளைவுல நான் மயங்கிட்டா அவங்க கதி என்னங்க?"

வேறு குளிசை கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். வரவில்லை.

சில வருடங்களில் முகமும் காலும் வீங்கி வந்து நின்றார்.

"லொறிய வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. இனி தலை சுத்தினாலும் பரவாயில்லீங்க, அந்தக் குளிசயக் குடுங்க."

அதற்குள் கிட்னி இரண்டும் கெட்டுப்போயிருந்தன. கண்டிக்கு அனுப்பினேன், உயிரோடு திரும்பவில்லை. அவர் ஓட்டிய காலத்தில் அந்த லொறியிலிருந்து ஒருத்திகூட விழுந்ததில்லை. அவர் செய்தது பிழையென்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வரவில்லை.