முதுகில் கட்டிய உப்பு

என் தோஸ்தின் முன்பல் இரண்டை உடைத்தவன் நான்தான். இமயமலையில் நடக்கப் போவதற்காக ஒடுகத்தூர் பக்கத்து மலையில் பழகிக்கொண்டிருந்தபோது, கொட்டுகிற மழையில் உடைத்தேன். எதையும் மறைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். பதினாலு வயதில் ஆம்பூர் டேனரியில் தோலில் ஒட்டிய கறியைச் சுரண்டத் தொடங்கினேன். இன்றைக்கு என் கம்பெனியில் நூற்றிருபது பேர் ஷூ தைக்கிறார்கள். அறுபத்துமூன்று வயதில் பனிமலையில் பன்னிரண்டு நாள் நடக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே அன்றே பணம் கட்டினேன்.

கூட்டிப்போகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். அறுபது தாண்டியவர் தனியாக வரக்கூடாது. பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டுக் கூடவே நடக்க ஒரு துணை வேண்டும். எனக்கு என் தோஸ்தை விட்டால் ஆள் கிடையாது. அந்த டேனரியில் எனக்கு எதிரே நின்று சுரண்டியவன். இப்போது என் கம்பெனிக்கு வரும் தோலைத் தரம் பிரிக்கிறான். உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், எங்கே ஓட்டை, எங்கே கீறல் என்று சொல்லிவிடுவான். என்னை ‘டா’ போட்டுக் கூப்பிட இன்று மிச்சமிருக்கும் ஒரே ஆள்.

ஷூவை நானே வெட்டி, நானே தைத்தேன். அதில் குறை சொல்ல இமயமலையாலும் முடியாது. முதுகில் பத்து கிலோ சுமந்து பழக வேண்டும் என்றார்கள். அவன் பையில் தண்ணீர் கேன்களை அடுக்கினான். நான் டேனரியிலிருந்து உப்பு எடுத்துவந்தேன். பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன்மேல் கொட்டி, பிறகு உதறியெடுத்த உப்பு. முடியும் காய்ந்த ரத்தமும் ஒட்டியிருக்கும். பத்து என்றார்களே என்று இருபது கிலோ கட்டினேன்.

“இன்னாடா, உப்பத் தூக்கினு வர்ற? ஜாஸ்தி வேர்த்தா பேஜாராய்டும்.”

“உப்புலயே வளந்தவன்டா நானு. நீ உன் தண்ணிய ஊத்திக்காம தூக்கு.”

பழகத் தொடங்கிய மூன்றாவது ஞாயிறு பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. பையின் வார் ஏற்கெனவே என் தோள்களை உரித்திருந்தது. உப்பு கரைந்து சட்டைக்குள் இறங்கியது. முதுகை அடுப்பில் வைத்த மாதிரி இருந்தது. உப்பு தோலை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினேன்.

“நில்லுடா. சட்டைல ரத்தம் வருது.”

“நீ மூடினு நட.”

பின்னால் வந்தவன் இடுப்பிலிருந்த தோல் வெட்டும் கத்தியை எடுத்து, ஒரே இழுப்பில் இரண்டு வாரையும் அறுத்துவிட்டான். பை உருண்டு பள்ளத்துக்குள் போனது. என்னைக் கேட்காமல் என் பொருளில் கத்தி வைத்தவன் அதுவரை எவனும் இல்லை. திரும்பி வாயிலேயே ஒரு குத்து விட்டேன். கத்தியை வீசிவிட்டு என் வயிற்றில் முட்டினான். சேற்றில் புரண்டோம். என் காதைக் கடித்தான். நான் அவன் தலையை வேரில் மோதினேன். இரண்டு கிழவர்கள், மூச்சு வாங்க வாங்க அடித்துக்கொண்டோம். நியாயமாகச் சொன்னால் ஜெயித்தது நான்.

அவன் எழுந்து ரத்தத்தோடு இரண்டு பல்லைத் துப்பினான். பிறகு என்னைக் குப்புறத் தள்ளிச் சட்டையை உரித்தான். சட்டையோடு தோலும் வந்தது. கம்பெனியில் தடவிப் பார்ப்பதுபோல் முதுகில் கையை வைத்தான். நான் அலறிவிட்டேன்.

“ரிஜெக்ட்டு,” என்றான். “நான் கையெழுத்துப் போட மாட்டேன். வரவும் மாட்டேன்.”

பத்து நாள் குப்புறவே படுத்தேன். வேறு துணை கிடைக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். என்னோடு வர நூறு பேர் தயாராக இருந்தார்கள். ஆனால் அத்தனை பேரும் என் சம்பளக்காரர்கள். நான் பள்ளத்தில் இறங்கினாலும் ‘ஆமாங்க மொதலாளி’ என்று பின்னாலேயே இறங்குவார்கள்.

யார் வாசலுக்கும் போய் நின்று பழக்கமில்லாத நான், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் படிவத்தோடு அவன் வீட்டுக்குப் போனேன்.

“வாங்கண்ணே,” என்றாள் அவன் மனைவி. “உங்க புண்ணியத்துல கஞ்சிதான் குடிக்கிறாரு.”

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். எழுந்து வந்து என் தாடையில் ஒரு அறை விட்டான். செருப்பு ஸ்டாண்டோடு விழுந்தேன். திருப்பி அடிக்கக் கை எழுந்தது. விரலிடுக்கில் படிவம் இருந்தது.

“அடிப்பியா?”

“மாட்டேன்.”

“பைய நான்தான் கட்டுவேன். நில்லுன்னா நிக்கணும்.”

“நிக்கிறேன்.”

கையெழுத்துப் போட்டான்.

முதுகு ஆறியதும் மறுபடி மலை ஏறினோம். பத்தே கிலோ, தண்ணீர் கேன். அன்று அவன் ஏழு முறை நில்லு என்றான். ஏழு முறையும் நின்றேன். அதில் நாலு முறை தேவையே இல்லை. அந்தப் பல்லில்லாத வாய் இளிப்பதைப் பார்த்தாலே தெரிந்தது.