வட்டிலப்பத்துக்கு வெள்ளரிக்காய்

இந்த நாட்டில் கொடுத்த தட்டு வெறுமையாகத்தான் திரும்பி வரும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, காகிதப் பையில் போட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நோர்வேயின் இந்தச் சிறிய ஊருக்கு வந்த புதிதில், என் தட்டு அப்படித் தொங்குவதைப் பார்த்து ஏதோ கோபமாக்கும் என்று நினைத்துவிட்டேன். இலங்கையில், கற்பிட்டியில் எங்கள் தெருவில் பெருநாளைக்குப் போகிற தட்டு, ஒரு பிடி சீனியோ தோட்டத்து வெங்காயமோ இல்லாமல் திரும்பாது. வெறுந்தட்டை நீட்ட உம்மாவுக்குக் கை வராது.

அந்தத் தட்டு எதிர்வீட்டு ஆர்னேக்குப் போனது. அவர் வயதானவர், தனியாக இருந்தார். மனைவி இங்கிரிட்டுக்கு மறதி நோய் முற்றியதால், மேட்டிலுள்ள முதியோர் இல்லத்தில் விட்டிருந்தார்கள். நோன்புப் பெருநாளன்று வட்டிலப்பம் அவித்து, ஒரு பெரிய துண்டை அவரிடம் கொடுத்தேன். அப்போது எனக்கு மொழி அரைகுறை. “பெருநாள் சாப்பாடு” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

சில நாள் கழித்து மாடிப்படியில் நிறுத்தினார். “உங்கள் லேவர்போஸ்தாய் நன்றாக இருந்தது. வெள்ளரிக்காய் ஊறுகாய் வைத்துப் பாணோடு சாப்பிட்டேன். கொஞ்சம் இனிப்புத்தான் கூட.”

லேவர்போஸ்தாய் என்பது இங்கே காலையில் பாண் துண்டில் பூசித் தின்னும் ஈரல் விழுது. பெரும்பாலும் பன்றி ஈரல். நிறத்தில் வட்டிலப்பமேதான். “ஈரல் இல்லை, ஈரல் இல்லை. முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் சர்க்கரை” என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன். அவர் முகம் சிவந்துபோனது. பிறகு இரண்டு பேருமே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

ஊரில் வட்டிலப்பம் பெருநாளைக்கும் கலியாணத்துக்கும் உரியது. நான் தேங்காய் துருவுவேன், எனக்கு மூத்தவள் ராத்தா பால் பிழிவாள். சர்க்கரையைக் கரைத்து வடிப்பதை மட்டும் உம்மா யாருக்கும் விடமாட்டா. மூடியில் கோர்க்கும் தண்ணீர் உள்ளே சொட்டாதபடி, துணி கட்டித்தான் அவிப்பா. சும்மா ஒரு நாளில் அது அவிந்ததை நான் கண்டது வாப்பா பாரிசவாதத்தில் விழுந்த பிறகுதான். கஞ்சி கூட இறங்காத தொண்டையில் அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. உம்மா தினமும் ஒரு சின்னக் கோப்பையில், மெல்ல வேண்டிய கஜுப் பருப்பு போடாமல் அவித்து ஊட்டினா. வாப்பா போகும்வரைக்கும் எங்கள் குசினியில் பெருநாள் வாசம் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அதைத் தின்ன மனம் வரவில்லை.

மாடிப்படியில் சிரித்த அன்று இதையும் உடைந்த மொழியில் ஆர்னேயிடம் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் அவர் கதவைத் தட்டினார்.

“இங்கிரிட் சாப்பிடுவதில்லை. கரண்டியைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிறாள். உங்கள் அப்பாவுக்குக் கொடுத்த மாதிரி ஒன்று செய்ய முடியுமா?”

கஜு போடாமல் அவித்துக்கொண்டு அவரோடு போனேன். ஜன்னலோரக் கதிரையில் இங்கிரிட் உட்கார்ந்திருந்தார். ஆர்னே நீட்டிய முதல் கரண்டிக்கு உதடு திறக்கவில்லை. பிறகு மணம் பிடித்ததோ என்னவோ, திறந்தது. மெதுவாக விழுங்கிவிட்டு, “கராமெல்புடிங்” என்றார்.

முட்டையும் பாலும் சீனியும் சேர்த்து இவர்கள் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குச் செய்கிற இனிப்பு அது. இங்கிரிட்டின் கையால் அது நன்றாக வரும் என்று ஆர்னே வழியில் சொல்லியிருந்தார். இது அது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இங்கிரிட் என் பக்கம் திரும்பி, சமையல்காரியின் கண்டிப்போடு, “முட்டை காணாது” என்றார்.

ஆர்னே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். “அவள் ஒரு விஷயத்தைப் பிழை என்று சொல்லி எவ்வளவு காலம்” என்றார்.

மறுமுறை முட்டையைக் கூட்டினேன். இங்கிரிட் குறை சொல்லாமல் கோப்பையை முடித்தார். அதன்பிறகு வீட்டுக்கு அவிக்கும்போதும் கை தானாகவே அந்த அளவுக்குப் போனது. என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு, “என்ன, வேற மாதிரி ஈக்கி?” என்று கேட்டார். நல்லாயில்லையா என்றேன். “நல்லாத்தான் ஈக்கி. ஆனா உங்கட உம்மாட மாதிரி இல்ல” என்றார்.

பனிக்காலம் முடியும் முன்னே இங்கிரிட் காலமானார். அடக்கத்துக்குப் பிறகு எல்லோரும் கூடிக் கோப்பி குடிக்கும்போது வட்டிலப்பம் வேண்டும் என்று ஆர்னே கேட்டார். மையத்து வீட்டுக்கு அதை எப்படிக் கொண்டுபோவது? ராத்தாவுக்குப் போன் எடுத்தேன்.

“உம்மா இருந்தா ஏசியிருப்பா, என்ன ராத்தா?”

“என்னத்துக்கு ஏசுற? வாப்பாக்கு அவிச்சா தானே.”

“அது வாப்பா உசிரோட ஈக்கக்குள்ள.”

“அந்தப் புள்ளட மாப்பிள கேக்கிறார். நீ கொண்டுபோ. கஜு போடாத” என்றாள் ராத்தா. இங்கிரிட்டை அவள் ‘புள்ள’ என்று சொன்னதில் என் தயக்கம் போய்விட்டது.

தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் நீள மேசை முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிரீம் கேக்குகள். நடுவில் என் வட்டிலப்பம் மண் நிறத்தில் கிடந்தது. நீலச் சட்டைக்காரப் பெண் ஒருத்தி அதைச் சுட்டி என்னவென்று கேட்டாள். நான் பதிலை மனதுக்குள் அடுக்குவதற்குள் ஆர்னே சொல்லிவிட்டார்:

“அது இங்கிரிட்டுடையது.”

அவள் ஒரு துண்டைத் தின்றுவிட்டு என்னிடம் வந்தாள். “இங்கிரிட்டிடமா இதைச் செய்யப் பழகினீர்கள்?”

“முட்டை அவருடைய அளவு. மற்றதெல்லாம் உம்மாவுடையது” என்றேன்.

உம்மா என்பதை அவள் யாரோ ஒருத்தியின் பெயராக எடுத்துக்கொண்டாள். “உம்மா எந்த ஊர்?”

“கற்பிட்டி.”

அடுத்த மலைக்கு அந்தப் பக்கத்து ஊரைச் சொன்னது போல, தெரியும் என்கிற பாவனையில் தலையாட்டினாள். நான் அவளுக்கு இன்னொரு துண்டு வெட்டினேன்.