ஒரு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் பாலி

டீசலும் பிச்சிப்பூவும் கலந்த ஒரு வாடை... பத்தாம் வகுப்பு முழுவதும் என் யூனிஃபார்மில் அதுதான் அடிக்கும். "ஏட்டி, நீ பள்ளிக்கூடத்துக்கு வாரியா, பூ யாவாரத்துக்கு வாரியா?" என்று மூக்கைப் பிடித்தவர்கள் எல்லோரும் இந்த குரூப்பில்தான் இருக்கிறீர்கள்.

ஒரு வாரமாக ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். போர்வைக்குள் அப்பாவின் போனை வைத்து அடிக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாரும் பதிலுக்கு போன் மட்டும் பண்ணிவிடாதீர்கள்.

எங்கள் ஜீப் என்னைவிட மூத்தது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து காலையில் பின்னால் பூ மூட்டைகளும், முன்னால் அப்பாவும் நானும். மூட்டைகள் மார்க்கெட்டில் இறங்கும், நான் பள்ளிக்கூட வாசலில் இறங்குவேன். பஸ்ஸை நம்பினால் இரண்டாவது பீரியடுக்குத்தான் வர முடியும்.

அந்த ஜீப்பில் உட்கார்ந்துதான் பத்தாவது பாடம் முழுவதும் சத்தமாகப் படித்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் "அ... அ... அசோ... கர்" என்று வரும். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

பரீட்சை லீவில்தான் ஆரம்பித்தது வினை. ஜீப்பின் பாடிக்கும் அதைக் கீழே தாங்கும் இரும்புச் சட்டமான சேஸுக்கும் நடுவில் புஷ் என்று சின்னச் சின்ன ரப்பர் மெத்தைகள் இருக்குமாம். எங்கள் வண்டியில் எல்லாம் வெடித்துப் பொடியாகிவிட்டன. மெக்கானிக் அண்ணாச்சி இரண்டு வகை எடுத்துக் காட்டினார். ஒன்று பழையபடி கறுப்பு ரப்பர். மெத்தென்று இருக்கும், கொஞ்ச வருஷத்தில் மறுபடி வெடிக்கும். இன்னொன்று சிவப்பாக, பாலியூரித்தேன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக். லேசில் தேயாது, ஆனால் கல் மாதிரி இருக்கும்.

"ரப்பரே போடும். ஓட்டுதவன் நான். என் முதுகுக்குத்தான் தெரியும்" என்றார் அப்பா.

"ஏலே, மூட்டைய ஏத்துதவன் நான். லோடு ஏறுனா வண்டி தொட்டில் மாதிரி ஆடுது. பாலிதான் போடணும்" என்றார் பெரியப்பா.

"அண்ணே, நீ ஒரு நாளாவது ஓட்டிருக்கியா?"

"நீ ஒரு நாளாவது தூக்கிருக்கியா?"

இப்படியே ஒன்பது நாள்! சாப்பிடும்போது புஷ், தண்ணீர் பாய்ச்சும்போது புஷ், துஷ்டி கேட்கப் போன சாவு வீட்டிலும் புஷ். கடைசியில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "அவனுக்குச் சொல்லு", "உங்க பெரியப்பனுக்குச் சொல்லு" என்று நடுவில் நான்தான் ஓடினேன்.

வெறுத்துப்போய் ஒரு நாள் வாயை விட்டேன். "நம்ம ஊரு சாமியே வலது பக்கம் சிவன், இடது பக்கம் பெருமாள்னு பாதிப் பாதியாத்தானே நிக்கி? அதே மாதிரி ஒரு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் பாலி போட்டுத் தொலைங்க!"

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். மறுநாள் முதல் வேலையாக ஒர்க்ஷாப்புக்குப் போய் அதையே செய்யச் சொன்னார்கள்.

மெக்கானிக் அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "வே, இது வண்டி. கோயில் இல்ல. ஒரு பக்கம் அமுங்கும், ஒரு பக்கம் அமுங்காது. பாடி முறுக்கிக்கிடும்வே."

"பிள்ளை சொல்லிட்டு. போடும்" என்றார்கள், ஒரே குரலில். அத்தனை நாளில் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

வலது பக்கம், அப்பா உட்காரும் பக்கம், ரப்பர். இடது பக்கம், என் பக்கம், பாலி. ஒரே மாதத்தில் ஜீப் கழுத்துச் சுளுக்கியவனைப் போல சாய்ந்துகொண்டு போனது. முன் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தது. என் பக்கத்துக் கதவு கொக்கியில் சரியாக மாட்டவே இல்லை. "உன் ரப்பர்தான்", "உன் கல்லுதான்" என்று மறுபடி சண்டை. நான் கதவைக் கையால் இழுத்துப் பிடித்தபடி பிளஸ் ஒன் படித்தேன். எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

போன திங்கட்கிழமை குருவிகுளம் தாண்டி ஒரு வளைவில் கதவு படாரென்று திறந்துவிட்டது. பை ரோட்டில் போய் விழுந்தது. என் ஒரு காலும் வெளியே போய்விட்டது. அப்பா சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார். பிறகு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, இறங்கிப் போய் என் பையை எடுத்து வந்தார்.

அன்றிலிருந்து ஜீப் ஒர்க்ஷாப்பில் நிற்கிறது. நான் வீட்டில் இருக்கிறேன். "பொம்பளப்பிள்ள உசுரு போயிருந்தா? படிச்ச வரைக்கும் போதும்" என்று பெரியப்பா சொல்ல ஆரம்பித்துவிட்டார். அப்பா அதற்கு மறுப்பு சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் மெக்கானிக் அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். "ரப்பரோ பாலியோ, ரெண்டு பக்கமும் ஒண்ணாப் போடணும். எதப் போட்டாலும் வண்டி நல்லா ஓடும். நாளைக்குள்ள சொல்லலைன்னா தள்ளிக்கிட்டுப் போங்க" என்றார்.

எதைப் போட்டாலும் ஓடுமாம்! அதற்குத்தான் இந்த ஒன்பது நாள் சண்டை, கீறல் விழுந்த கண்ணாடி, எல்லாம்.

அப்பாவும் பெரியப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "பிள்ளையே சொல்லட்டும்" என்றார் பெரியப்பா. விடியும்போது நான் சொல்லியாக வேண்டும்.

யோசித்துப் பார்த்துவிட்டேன். ரப்பர் என்றுதான் சொல்லப்போகிறேன். பெரியப்பா என்னோடு பேசமாட்டார், அப்பாவைக் குத்திக்காட்டுவார். கொஞ்ச வருஷத்தில் அது மறுபடி வெடிக்கும்தான். வெடிக்கட்டும். வண்டி ஓடினால் என் படிப்பை நிறுத்தச் சாக்கு இருக்காது; பிளஸ் டூ முடியும் வரை தாங்கினால் போதும். ஓட்டுகிறவர் முதுகு வலிக்காமல் ஓட்டினால்தான் தினமும் என்னைக் கொண்டுவந்து விடுவார்.

முன்பெல்லாம் வீட்டில் எதை வேண்டுமானாலும் உளறலாம். யாரும் காதில் வாங்கமாட்டார்கள். எவ்வளவு நிம்மதி அது... இப்போது நான் ஒன்று சொன்னால் ஸ்பானரைக் கையில் எடுக்கிறார்கள்.