பௌபஜார் சீனப் பையன்களுக்கு இங்கிலீஷ் சொன்னேன்

இங்கிலீஷ் டியூஷன் வாத்தியாருக்கு முதல் தகுதி இங்கிலீஷ் இல்லை. எல்லாரும் சந்தேகமாகப் பார்க்கும்போது முகம் மாறாமல் உட்கார்ந்திருப்பதுதான். இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். நான் வங்காளத் தலைநகரத்தில், பவானிபூரில் குடியிருந்தேன். பகலில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. சாயங்காலம் டிராம் ஏறி பௌபஜாரில் ஒரு சீனத் தச்சுப் பட்டறைக்குப் போவேன். முதலாளி லியோங்கின் மகன் அசூனும், அவன் சித்தப்பா மகன் அகூயும் என் மாணவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பு. என்ட்ரன்ஸ் பரீட்சை எழுத வேண்டும். எங்களுக்குள் பேச்சு எல்லாம் பஜார் ஹிந்துஸ்தானியில்; என்னைக் கூப்பிடுவது மட்டும் வங்காளி வழக்கப்படி 'மாஸ்டர் மஷாய்', அதாவது வாத்தியார் ஐயா.

வாத்தியாருக்குப் பரீட்சை

நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு வருகிற மதராசிக்கு இங்கிலீஷ் எப்படித் தெரியும் என்பது லியோங்கின் சந்தேகம். முதல் நாளே ஒரு பலகைத் துண்டைக் கொடுத்து, மேஜை, அலமாரி, கீல் என்று பத்துச் சாமான்களின் பெயரை இங்கிலீஷில் எழுதச் சொன்னார். எழுதினேன். பலகையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து இன்னொரு பலகையோடு வந்தார். அடுத்த தெரு வங்காளி வாத்தியாரிடம் அதே பத்தையும் எழுதி வாங்கியிருக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக விரலை ஓட்டினார். ஒரு வித்தியாசமும் இல்லை. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அவர் முகம் இன்னும் இறுகியது.

"இரண்டு பேரும் எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி எழுதியிருக்கிறீர்கள். முன்னாடியே பேசி வைத்துக்கொண்டீர்களா?"

நேற்று

இறந்தகாலத்துக்கு வந்தோம். 'வாக்' என்பது 'வாக்ட்' ஆகும், 'ஒர்க்' என்பது 'ஒர்க்ட்' ஆகும் என்றதும் அசூன் தலையாட்டினான். 'கோ' மட்டும் 'வென்ட்' ஆகும் என்றதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். எனக்கு மறந்துபோய் வாயில் வந்ததைச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறான். அகூயைப் பார்த்துச் சீன பாஷையில் என்னவோ சொன்னான், இருவரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் என்று எனக்கும் சந்தேகம்.

அவர்கள் பாஷையில் வினைச்சொல் மாறவே மாறாதாம். நேற்று என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதுமாம். இங்கிலீஷில் நேற்று என்றும் சொல்ல வேண்டும், வினையையும் மாற்ற வேண்டும் என்றேன். அசூன் பென்சிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு கேட்டான்:

"நேற்று என்று சொன்னால் வெள்ளைக்காரர்கள் நம்பமாட்டார்களா, மாஸ்டர் மஷாய்?"

பெட்டி

சுதேசிக் கலவரத்தால் ஊரில் எங்கு பார்த்தாலும் ரகசியப் போலீஸ் நடமாடிய சமயம். வார்த்தைப் பயிற்சிக்காக நான் சீட்டுகள் வைத்திருந்தேன். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் பையன்கள் எழுதிய சீன எழுத்து, அதன் கீழே அதை எப்படி உச்சரிப்பது என்று எனக்காகத் தமிழில் ஒரு குறிப்பு. ஒரு நாள் டிராமில் பக்கத்தில் இருந்த வேட்டிக்காரர் அந்தச் சீட்டுக் கட்டை மெதுவாக என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். போலீஸ் என்றார். சீட்டில் இருப்பது குண்டு வீசுகிறவர்களின் சங்கேத பாஷை என்று அவருக்குச் சந்தேகம். ஆபீஸில் தெரிந்தால் வேலை போய்விடும்.

பட்டறை வரைக்கும் கூடவே வந்தார். பாடம் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கென்று பார்த்து, 'தச்சன் பெட்டியைக் கொண்டுவருகிறான்' என்பதை மூன்று காலத்திலும் மாற்றும் பயிற்சி. அகூய் பிழையில்லாமல் சொன்னான். போலீஸ்காரர் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

"நேற்றும் பெட்டி கொண்டுவந்தான், இன்றும் கொண்டுவருகிறான், நாளைக்கும் கொண்டுவருவான். அத்தனை பெட்டியையும் எங்கே வைக்கிறான்?"

ஒரு சின்ன வார்த்தை

அதற்குப் பிறகு அசூன் தினம் ஒரு வாக்கியத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதிவந்து இலக்கணம் கேட்டான். எல்லாம் கோர்ட்டு பாஷை. எந்த வக்கீல் ஆபீஸிலிருந்தாவது காகிதத்தைத் திருடிவிட்டானோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாள் 'மே' என்பதற்கும் 'ஷல்' என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டான். 'மே' என்றால் செய்தாலும் செய்யலாம், 'ஷல்' என்றால் செய்தே ஆக வேண்டும் என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "யாருடைய காகிதம் இது?" என்று அதட்டினேன்.

அப்புறம்தான் முழுத்தாளையும் காட்டினான். பட்டறை இடத்தின் புதுக் குத்தகைப் பத்திரம். தவணை முடிந்தாலும் இடம் உங்களுக்கேதான் என்று இடத்துக்காரர் வாயால் சத்தியம் செய்திருக்கிறார். பத்திரத்திலோ, தொடர அனுமதிக்கப்படலாம் என்று 'மே' போட்டு எழுதியிருந்தது. மறுநாள் காலை கையெழுத்து. பன்னிரண்டு பேர் பிழைக்கிற இடம் அது. என்னிடம் முழுசாகக் காட்டினால் நான் இடத்துக்காரரிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்ற பயத்தில்தான் பையன் துண்டு துண்டாகக் கொண்டுவந்திருக்கிறான். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் ஆபீஸுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஆனால் பேசியது அசூன்தான். 'மே'யின் மேல் விரலை வைத்து, இதை அடித்து 'ஷல்' என்று எழுதினால்தான் அப்பா கையெழுத்துப் போடுவார் என்று இங்கிலீஷிலேயே சொன்னான். ஒரு பிழை இல்லை. இடத்துக்காரர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அடித்து எழுதினார். அவர் போனதும் லியோங் எனக்குத் தேநீர் கொடுத்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இவ்வளவு முக்கியமான வார்த்தையை ஒரு வருஷமாக ஏன் சொல்லித்தராமல் வைத்திருந்தீர்கள்?"

மாணவன் என்றால் வாத்தியாரிடம் சந்தேகம் கேட்க வேண்டும் என்பார்கள்; எனக்கு வாய்த்தவர்கள் கேட்டது கொஞ்சம், சந்தேகப்பட்டதுதான் அதிகம்.