கசிவை நிறுத்தக் கட்டிய தோல் வார்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் மேஸ்திரியாக இருக்கிறேன். புராஸ்டேட் சுரப்பிக்கு ஆபரேஷன் ஆனபின், இருமினாலே சிறுநீர் கசிந்து வேட்டி நனைந்துவிடும். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. சபையில் மானம் போகக்கூடாதென்று, மெல்லிய தோல் வாரால் உறுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். தட்டு மாற்றுவதற்குள் வலியில் உயிர் போனது. அவிழ்க்கப் போனால், வீக்கத்தில் வார் புதைந்து கிடந்தது.

"இன்னாங்க, இப்படி வேர்க்குது?" என்று கேட்ட மனைவியிடம் அழுதபடி எல்லாவற்றையும் சொன்னேன். உடனே டாக்சி பிடித்து வேலூருக்கு அழைத்துப் போனாள்.

வாரை வெட்டி எடுத்த டாக்டர், "இன்னும் லேட்டாகியிருந்தா அழுகியிருக்கும். கசிவுக்கு வைத்தியம் இருக்குங்க. முதல்ல சிறுநீரை அடக்குற தசையை இறுக்கி இறுக்கி விடுற பயிற்சி செய்ங்க. ஒரு வருஷத்துல நிக்கலன்னா ஆபரேஷன் பண்ணலாம். சிறுநீர்க் குழாயைச் சுத்தி ஒரு செயற்கை வளையம் வைப்பாங்க, விதைப்பைக்குள்ள ஒரு பொத்தானும் வைப்பாங்க, அதை நீங்க அழுத்தினாத்தான் வளையம் திறக்கும். வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்கணும்" என்றார்.

"மறுபடியும் கத்தியா?" என்று பயந்தாள் மனைவி.

"தேவைன்னா வச்சிக்கிறேன்" என்றேன்.

இப்போது தினமும் விடாமல் பயிற்சி செய்கிறேன். துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிறேன். கசிவு கம்மியாகியிருக்கிறது. முழுதாக நிற்காவிட்டால் அந்த வளையத்துக்குத் தயார் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். உடம்புக்கு எது வந்தாலும் அன்றைக்கே மனைவியிடம் வாய்திறந்து சொல்லிவிடுகிறேன்.