மேளத்தோடு இறங்கிய குரல்

மிக்ஸி நின்றாலும் மின்விசிறி முனகினாலும் அந்தத் தெருக்காரர்கள் ரேடியோக்காரரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ரேடியோ கொண்டுவருகிறவர்கள் நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் அவரை விடவில்லை. பகலெல்லாம் சாலிடர் புகை. சாயங்காலம் பின்னறையில் கேசட் வேலை. முச்சந்தியிலும் களத்திலும் பாடிய பாட்டுக்காரர்களின் கேசட்டுகளை அவர்கள் வீட்டுப் பரணிலிருந்து வாங்கிவந்து கம்ப்யூட்டரில் ஏற்றிவைப்பார். யாரும் ஏவவில்லை, யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை.

"ஒழுகுற குழாய்க்கு வாஷர் போட நேரமில்லை, ஊரான் பாட்டுக்கெல்லாம் காது இருக்கு" என்பார் மனைவி. அவர் சொல்வதிலும் தப்பில்லை.

இந்த வேலையில் அவருக்கென்று ஒரு கைப்பழக்கம் உண்டு. பழைய ரெக்கார்டர்களின் மோட்டார் சீராக ஓடியிருக்காது. அதனால் பாட்டின் சுருதி ஏறும், இறங்கும். கேசட் ஓடும்போதே மெல்லிய ஸ்க்ரூ டிரைவரைத் தன் பிளேயர் மோட்டாரில் வேகத்தைத் திருகும் துளைக்குள் விட்டு, மேளச் சத்தத்தைக் காதால் பிடித்துக்கொள்வார். சுருதி ஏறினால் வேகத்தைக் குறைப்பார், இறங்கினால் கூட்டுவார். நூல் பிடித்த மாதிரி மேளம் நிற்கும். நிமிர்த்திய பாட்டுத்தான் கம்ப்யூட்டருக்குள் போகும். அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்.

இறந்துபோன ஒரு பாட்டுக்காரரின் ஒரே கேசட்டை அப்படித்தான் ஏற்றியிருந்தார். கூட மேளம் அடித்த தங்கை அதைக் கேட்க வந்தார். முழங்கால் வலியோடு ஸ்டூலில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்.

"எப்படி இருக்குக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. பாடுறது யாரு?"

"உங்க அண்ணன்தான்!"

"எங்கண்ணன் தொண்டை தகர டப்பால கல்லை உருட்டுன மாதிரி இருக்கும். இது போகப்போக எலிக்குஞ்சா கீச்சிடுதே தம்பி."

"மேளம் இறங்கிக்கிட்டே போச்சுக்கா. மோட்டார் கோளாறுன்னு வேகத்தைக் கூட்டி நிமிர்த்தினேன்."

அந்த அம்மாள் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"இறங்காம என்ன செய்யும்? நெருப்புல காய்ச்சின தோல். ஆற ஆறத் தொய்யும். பாட்டு நடுவுல எழுந்துபோய்க் காய்ச்ச முடியுமா? நான் இறங்கினா அண்ணனும் கூடவே இறங்கும். அதைப் போய் நிமிர்த்திட்டியே."

ரேடியோக்காரரிடம் திருத்தாத பிரதி என்று ஒன்று கிடையாது. கேசட்டோ முதல் ஓட்டத்திலேயே பழுப்புத் தூளை உதிர்த்திருந்தது.

"இன்னொரு தடவை ஓட்டலாம்க்கா. தாங்குமான்னு தெரியாது."

"பெட்டிக்குள்ள வச்சு என்ன கும்பிடவா? ஓட்டு."

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நாடா உரசும் ஹெட்டைத் துடைத்தார். ஸ்க்ரூ டிரைவரை மேசை டிராயருக்குள் போட்டு மூடினார். கை சும்மா இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மேளம் இறங்கியது, குரலும் படிப்படியாக இறங்கி, கரகரத்து, அடியில் போய் உட்கார்ந்தது. அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். கடைசிச் சரணம் தொடங்கும்போது சத்தம் மங்கி, வெறும் இரைச்சலானது. நிறுத்திப் பார்த்தால் நாடா வெளுத்துப்போயிருந்தது.

ரேடியோக்காரர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சரணம் நான் கெடுத்த பிரதியில மட்டும்தான் இருக்கு. வேகத்தைக் குறைச்சு, இப்ப ஏத்தினதோட ஒட்டலாம். எவ்வளவுன்னு நீங்கதான் சொல்லணும்."

"போடு."

"இது?"

"இன்னும் இறக்கு."

"இது சரியா?"

"இன்னும் ஒரு பொட்டு... அங்க நில்லு. அதான் எங்கண்ணன்."

அந்த அம்மாளைக் கைத்தாங்கலாக வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பினார். கம்ப்யூட்டரில் அவர் நிமிர்த்திவைத்த பாட்டுகள் வரிசையாக நின்றன. எந்த மேளம் ஆறியது, எந்த மோட்டார் தளர்ந்தது? பாதிப் பேருக்கு, 'இன்னும் இறக்கு' என்று சொல்ல உயிரோடு ஆள் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் பாட்டைத் திறந்தார்.