மிளகாயில் காரம் இல்லை

உத்திரமேரூர்ப் பள்ளியில் நான்காம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை விஞ்ஞானம் என்று ஒரே பாடம்தான் இருந்தது. ஐந்தாம் பாரத்தில் இரசாயனத்தை விருப்பப் பாடமாக எடுத்தேன். காலாண்டுத் தேர்வில் தேறாதவர்கள் சரித்திரப் பிரிவுக்கு மாற வேண்டும் என்று வாத்தியார் முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு மாற விருப்பமில்லை. கண்ணாடிக் குழாயில் தெளிந்த நீர் சட்டென்று பால் போல வெளுப்பதைப் பார்த்த பிறகு, அரசர்களின் பட்டப்பெயர்களில் மனம் போகவில்லை.

அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும் என்ற இடத்தில் தடுமாறினேன். மாதத் தேர்வில் காரத்துக்கு ஓர் உதாரணம் கேட்டார்கள். மிளகாய் என்று எழுதினேன். திருத்திய தாளைப் பார்த்துப் பக்கத்து இடத்துக்காரன் சிரித்தான்.

"இன்னாடா, பரீட்சையில கொயம்பு வெச்சிக்கினு கீறே?"

"நீ இன்னா எழுதினே?"

"மிளகு."

அடுத்த செய்முறை வகுப்புக்கு அவன் வீட்டிலிருந்து மிளகாய்த்தூள் பொட்டலம் கொண்டுவந்தான். தண்ணீரில் கலக்கிச் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தோம். தாள் சிவப்பாகவே இருந்தது. இன்னொரு தாளைச் சுண்ணாம்புத் தெளிநீரில் நனைத்தோம். நீலமானது.

"நாக்குக்கு ஒரு காரம், காகிதத்துக்கு ஒரு காரம்டா," என்றான்.

அன்று முதல் எந்தப் பொருளையும் நாக்கை மறந்து, தாளைக் கொண்டு யோசித்தோம். பாடம் பிடிபட்டது. காலாண்டு முடிந்து, சரித்திரத்துக்குப் போக வேண்டியவர்களை வாத்தியார் எழுந்து நிற்கச் சொன்னார். நாங்கள் இருவரும் உட்கார்ந்தே இருந்தோம். மேசைக்கு அடியில் அவன் என் காலை நன்றாக மிதித்தான்.